முதுகக்கா

தீயணைப்பு நிலையத்தின் முன்னறைச் சுவரில் வெள்ள மீட்புப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவள் இருக்கிறாள். ஒன்றில்கூட முகம் இல்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, தலைக்கவசம், அதன் கீழ் எட்டிப் பார்க்கும் பின்னல், அவ்வளவுதான். நிலையத்தில் அவளுக்கு முதுகக்கா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. மாமியார் ஒருமுறை அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல வேளை, கல்யாணத்துக்கு முன்னாடியே உன் மூஞ்சியப் பாத்துட்டோம்" என்றார்.

வெள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் கரையில் நிற்கும் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் பார்க்கக் கூடாது. அவர் ஆறு வருகிற திசையில் கொஞ்சம் மேலே போய், நடப்பதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். மரமோ கட்டையோ யார் வீட்டுக் கதவோ அடித்துக்கொண்டு வந்தால் விசிலை இரண்டு முறை ஊத வேண்டும். ஊதியதும் தண்ணீரில் இறங்கியவரை, எந்த நிலையில் இருந்தாலும், கயிற்றோடு கரைக்கு இழுத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இடத்துக்கு அவள் வந்தது ஒரு தப்பினால். அந்த நிலையத்துக்கு அதுவரை நெருப்பு மட்டும்தான் தெரியும். முதல் வெள்ளத்துக்கும் நெருப்புக்குப் போவது போலவே போனார்கள், விளிம்பு வைத்த கனத்த தலைக்கவசமும் முழங்கால் பூட்சுமாக. முழங்காலளவு தண்ணீர்தானே என்று அவள் இறங்கி நடந்தாள். பூட்ஸ் நிரம்பியது. கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் தலைக்கவசத்தின் விளிம்பைப் பிடித்து, கழுத்தைத் தள்ளுவது போல முகத்தை உள்ளே அமுக்கியது. ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் சக வீரன்தான் அவளை இழுத்துப் போட்டான். பிறகு விளிம்பில்லாத லேசான கவசங்கள் வந்தன. ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது, கால்களை முன்னே நீட்டி மல்லாந்து போக வேண்டும் என்ற பாடமும் வந்தது. அவள் கணுக்கால் சரியாகும்வரை மேலே நிற்கட்டும் என்றார் நிலைய அதிகாரி. கணுக்கால் சரியான பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அங்கே நின்றால் ஒன்றும் தெரியாதே என்பது அவர்கள் குறை.

அவளுக்குத் தெரிந்தது. தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்கும் மேடு பாறை. நகரும் மேடு மரம். கண் அதற்குப் பழகிவிட்டது.

கணவர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஒரே பேச்சுதான்.

"தரைப்பாலத்து மேல தண்ணி ஓடினா திரும்பி வந்துடுங்க."

"முழங்கால் தண்ணிக்குப் பயந்தா ஊர்ல எவன் ரொட்டி திம்பான்?"

"முழங்கால் தண்ணியே வேனைத் தூக்கிடும்."

"தூக்க அது என்ன காகிதக் கப்பலா? சரிங்க ஆபீசரம்மா, தண்ணியப் பாத்தா கும்பிட்டுட்டுத் திரும்பிடறேன்."

ஒரு நாள் அவர் திரும்பவில்லை. மதியம் அழைப்பு வந்து தீயணைப்பு வண்டி தரைப்பாலத்தை அடைந்தபோது, பாலத்தின் ஓரக் கல்லில் சாய்ந்து நின்ற வேனில் வரைந்திருந்த ரொட்டியைத்தான் அவள் முதலில் பார்த்தாள். பிறகு கூரைமேல் குந்தியிருந்தவரை.

அதிகாரியும் பார்த்தார். "நீ வண்டியிலயே இரும்மா. மேல வேற யாரையாவது நிறுத்திக்கறேன்."

"யாரை சார்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கயிறு பிடிக்க இரண்டு பேர். ஒல்லி தவறினால் எறிவதற்குக் கயிற்றுப் பையோடு கீழ்ப்பக்கம் இரண்டு பேர். ஒல்லி தண்ணீருக்கு. மிச்சம் யாரும் இல்லை.

"திரும்பிப் பாக்க மாட்டியே?"

அவள் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலே நடந்தாள். கூரையிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா! வீட்ல போய்த் திட்டு! இங்க ஜனம் நிக்குது!" கரையில் சிரித்தார்கள். அவள் தன் இடத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாள்.

பின்னால் நடப்பது காதுக்கு மட்டும் வந்தது. "கயித்த விடு... விடு... நிறுத்து." ஒல்லி இறங்கிவிட்டான். "இன்னும் கொஞ்சம் விடு." பாதி தூரம் போயிருப்பான்.

வளைவில் ஒரு மேடு இருந்தது. சற்று முன் இருந்ததா? அவள் கரையோரப் புதர் ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தாள். மேடு புதரைத் தாண்டியது. வேரோடு ஒரு மரம்.

அதே நேரம் அதிகாரியின் குரல் கேட்டது. "கையப் பிடிச்சுட்டான்! அவ்வளவுதான், அவ்வளவுதான்!"

ஒல்லியின் பிடியில் அவர் கை. இன்னும் சில நொடி கிடைத்தால் அவர் கயிற்றுக்கு வந்துவிடுவார். மரம் அந்த நொடிகளைத் தருமா என்று அவள் பார்த்தாள். தராது. இரண்டு முறை ஊதினாள்.

"இழு! இழு!"

மரம் அவளைக் கடந்து போனது. கண் அதன் பின்னாலேயே போகப் பார்த்தது. அவள் விடவில்லை. இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது. ஜனங்கள் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். அதற்குப் பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்தபடியே மிதந்து வந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல. அதனால் ஆபத்தில்லை என்று முடிவு செய்து அவள் ஊதவில்லை.

பிறகு அதிகாரி கத்தினார். "ஒல்லி, மறுபடி இறங்கு! அந்தாளு இன்னும் வேன் மேலதான் இருக்காரு!"

விசிலில் பல் பதிந்திருந்ததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

வெகு நேரம் கழித்து, சேற்றில் செருப்பு இழுபடும் ஓசை பின்னால் வந்து நின்றது. டீசலும் நனைந்த மாவும் கலந்த வாசனை.

"நான்தாம்மா." பற்கள் தந்தியடித்தன.

அவள் திரும்பவில்லை. விசிலை வாயின் ஓரத்துக்குத் தள்ளினாள். "ஒல்லி கரையேறிட்டானா?"

"இன்னும் இல்ல. என்னை முதல்ல கயித்துல அனுப்பிட்டு அவன் வேன் மேல நிக்கறான்."

"அப்ப பேசாம நில்லுங்க."

நின்றார். சும்மா நிற்க அவருக்கு வராது. "நீ ஊதினதும் அவன் என் கைய விட்டுட்டுப் போயிட்டான் பாரு, அப்ப உன்னைத் திட்டினேன்."

"என்னன்னு?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

ஆறு வெறுமையாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் கீழிருந்து அதிகாரியின் நீண்ட விசில் கேட்டது. எல்லோரும் கரையில் என்று பொருள். அவள் விசிலைச் சட்டைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்க?"

"வேனோட இருக்கு."

"வேன்?"

அவர் ஆற்றின் கீழ்ப்பக்கம் கையைக் காட்டினார். ஒல்லி கரையேறிய கையோடு அது ஓரக் கல்லை விட்டுப் போய்விட்டிருந்தது. காகிதக் கப்பலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைய படமும் முன்னறைச் சுவரில் இருக்கிறது. அதில் இரண்டு முதுகுகள். ஒன்றின்மேல் போர்வை.