கூழ் கரைத்த தண்ணீர்

எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் மார்த்தாளை உத்திரமேரூர்ப் பக்கத்தில் "ஊசி போடாத டாக்டரம்மா" என்று கேலி செய்வார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியராக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான், சசிரேகா. அந்தக் கேலியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடம் காவாந்தண்டலத்தில் நடவுக் கூலியின் மகளாகப் பிறந்து டாக்டரானவர், பொது சுகாதாரத்தில் மேல்படிப்பும் முடித்தவர். கூடப் படித்தவர்கள் சென்னையில் சொந்த ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். இவர் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பார். நோய் வந்தபின் பார்க்கிற டாக்டரை ஊர் கும்பிடும். வராமல் பார்த்துக்கொள்கிறவரை யார் கும்பிடுகிறார்கள்?

போன ஆடியில், எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றில் மழைக்குப் பின் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. குழாயை மாற்றும்வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றார் மேடம். வீடு வீடாகப் போய்த் தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஜனங்களும் கேட்டார்கள், நோயும் நின்றது. அப்பாடா என்றிருந்தபோது, வெள்ளிக்கிழமை ஒரு தெருவில் கூழ் ஊற்றினார்கள். சனிக்கிழமை காலை பதினாறு பேர் படுத்துவிட்டார்கள்.

களையெடுக்கப் போகும் மங்கம்மாவுக்கு நாடியே கிடைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றி, மத்தியானம்தான் கண் திறந்தாள். எனக்கு வந்த கோபத்தில், "காய்ச்சாத தண்ணியக் குடிக்காதேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஒரு சொட்டு குடிக்கல நர்ஸம்மா. கூயுதான் குட்ச்சேன்," என்றாள்.

மேடம் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கேழ்வரகைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்டி, ராத்திரி புளிக்கவிட்டு, காலையில் பச்சைத் தண்ணீர் விட்டுத்தானே கரைக்கிறோம்! கூழை யாரும் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை. மறுநாள் அம்மன் கோயிலில் பெரிய கூழ். வீட்டுக்கு வீடு கரைத்துக் கொண்டுவந்து ஒரே கொப்பரையில் கொட்டுவார்கள். மூன்று ஊர் ஜனம் குடிக்கும்.

"தடை போட்டுடலாம் மேடம்," என்றேன்.

"போட்டா வூட்டுக்குள்ளயே கரைச்சுக் குடிப்பாங்க சிஸ்டர். நமக்குத் தெரியாமயே சாவாங்க."

சாயங்காலம் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். கோயில் பொறுப்பைப் பார்க்கும் எல்லப்பன் எடுத்த எடுப்பிலேயே எகிறினார். "இன்னாம்மா இது? தலமுற தலமுறயா ஊத்திக்கினு வர்றோம். ஆத்தா கூயுல நோவு கீதுன்னு சொல்ல வந்துட்டியா?"

"கூழ்ல ஒண்ணுமில்லீங்க. தப்பு என்னுது," என்றார் மேடம். "குடிக்கிற தண்ணியக் காய்ச்சுங்கன்னேன். கூழ் கரைக்கிற தண்ணியச் சொல்லல. இந்தப் பக்கத்துலயே பொறந்து கூழ் குடிச்சு வளந்தவ நானு. எனக்குத் தோணியிருக்கணும்."

எல்லப்பன் இறங்கி வந்தார். ஊர்மேல் பழி போடாத அதிகாரியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "செரி, இப்போ இன்னா பண்ணணும், சொல்லு," என்றார்.

வீட்டில் யாரும் கரைக்கக் கூடாது, கெட்டிக் கூழாகவே கொண்டுவர வேண்டும், கரைப்பது கோயிலில்தான் என்று முடிவானது. அன்று ராத்திரியே ஆறு அண்டாவில் தண்ணீர் கொதித்தது. ஞாயிறு காலை ஆறின தண்ணீரில் எல்லப்பனே கரைத்தார். மேடம் கொப்பரையை விட்டு நகரவில்லை. பச்சைத் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தியைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று ஊரிலும் ஒருத்தருக்குக்கூட வயிறு கலங்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை மாவட்டத்துக்கு அறிக்கை போக வேண்டும். மேடத்துக்குப் பதவி உயர்வு வரும் நேரம். "ஜனங்க சொன்ன பேச்சு கேக்கலன்னு எழுதிடுங்க மேடம், யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"மங்கம்மா நம்ம பேச்சக் கேட்டாங்களே சிஸ்டர்," என்றார்.

பதினாறு பேர் பாதிக்கப்பட்டதற்குக் காரணம், வட்டார மருத்துவ அலுவலர் தந்த அறிவுரையில் கூழ் விடுபட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்பச் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தைத் தபால் பையில் போட மனசு வராமல், காஞ்சிபுரம் பஸ் ஏறி, மாவட்ட அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.