மூன்றாவது கை

"அண்ணே, கொஞ்சம் செத்துப் போயேன். நேத்து மாதிரி இல்ல, சுவத்துல சாஞ்சு."

தங்கை இப்படிக் கூப்பிட்டால், தைத்துக்கொண்டிருக்கும் சட்டையை அப்படியே வைத்துவிட்டு நான் செத்துப் போவேன். அவள் ஹங்கேரிய நாவல்களைத் தமிழில் மொழிபெயர்ப்பவள். நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். இதுவரை பதினோரு முறை செத்திருக்கிறேன். இரண்டு முறை விதவை. ஒரு முறை குதிரை. தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இலக்கியத்தில் இவ்வளவு வேலை கிடைப்பது சின்ன விஷயமில்லை.

பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். தேநீரை ஆறவிட்டு, "இதை யாருண்ணே இங்க வச்சது?" என்பாள். தூக்கத்தில் ஹங்கேரிய மொழியில் சண்டை போடுகிறாள் என்று என் மனைவி சொல்வது மட்டும் கொஞ்சம் மிகை.

போன வருடம் ஒரு பழைய நாவலில் அவளுக்குச் சிக்கல் வந்தது. மழையில் நாயகன் ஒரு கையில் விரித்த குடை, மறு கையில் பெட்டியுடன் நின்று, எதிரே வரும் பெண்ணுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறான். சமையலறையில் நான்தான் நாயகன். குடையைத் தாடையில் இடுக்கிப் பார்த்ததில் கம்பி கண்ணருகே குத்தியது.

"மூணாவது கை வேணும்ண்ணே," என்றாள். எழுத்தாளருக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. 'பெட்டியைக் கீழே வைத்துவிட்டு' என்று தானே சேர்த்துவிட்டாள்.

இந்த வருட ஐரோப்பிய இலக்கிய, மொழிபெயர்ப்பு விழாவில் அந்த எழுத்தாளரோடு அவளுக்கு மேடை. அவருடைய அடுத்த நாவல், தங்கையின் புத்தகங்களைப் போடும் பதிப்பாளர் அம்மாவின் மடியில் காகிதக் கட்டாக இருந்தது. "கூட்டம் நல்லா முடியட்டும், அப்புறம் மொழிபெயர்க்கத் தர்றேன்," என்றிருந்தார்.

கேள்வி நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். "மூலத்துல அவன் பெட்டியைக் கீழ வைக்கவே இல்ல. வைக்கிறதுக்கு நீங்க யாரு?"

பதிப்பாளர் அம்மா காகிதக் கட்டைத் தன் பைக்குள் தள்ள ஆரம்பித்தார். வாதாடுவாள் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, பெட்டியும் குடையும் எடுத்துட்டு வா," என்றாள்.

புத்தகங்கள் நிரப்பி நான் சுமந்து வந்த பெட்டி, வெளியே மழைக்குப் பிடித்த குடை. இரண்டையும் எழுத்தாளரிடம் கொடுத்தாள். தொப்பி அவர் தலையிலேயே இருந்தது. அவருடைய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் குடையை விரித்தார். பெட்டியைத் தூக்கினார். தொப்பியை நோக்கி ஒரு கை கிளம்பியது. குடையும் கூடவே போனது. மறு கை கிளம்பியது. பெட்டி மூக்கில் இடித்தது. குடையைத் தாடையில் இடுக்கினார். "கம்பி, கம்பி!" என்று கத்திவிட்டேன்.

அவர் ஏதோ முணுமுணுத்தார். தங்கை மைக்கில் மொழிபெயர்த்தாள்: "இருபது வருஷமா பாவம் அவன் இப்படியே நிக்கிறானாம்."

கண்ணாடிக்காரரே சிரித்துவிட்டார். பதிப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்தபடி மேடையேறி, அந்தக் காகிதக் கட்டைத் தங்கையின் நாற்காலியில் வைத்தார். தங்கை அதைக் கவனிக்கவில்லை. எழுத்தாளர் இன்னும் குடையும் பெட்டியுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.