இரண்டு டொலர் காசுக்குள் ஐந்து சன்னங்கள்

கையெழுத்து வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரைத் திட்டிவிட்டு என்னைப் பாவம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் பிரெஞ்சில் வரும் கடிதங்கள் எல்லாம் அவருடைய பொறுப்பு. கனடாவுக்கு வந்த புதிதில் அவர் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார், நான் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து வாடகை ஒப்பந்தம், வரி, காப்புறுதி எதுவானாலும் அவர் வாசிப்பார், அவர் நிரப்புவார். நான் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுத் தருவார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து புள்ளடிக்கு மேல் வைப்பேன். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். எனக்குத் தெரிந்த எங்கள் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் கையெழுத்து வைக்கிறார்கள். எதற்கு வைத்தோம் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது.

அந்தப் பத்திரத்திலும் புள்ளடி இருந்தது. வைத்தேன். சில வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டுப் பிரெஞ்சில் கதைத்தாள். நான் வேலையால் வந்து சோற்றை அடுப்பில் வைத்திருந்தேன். மின்சாரக் கம்பனிக்காரர் எதையாவது விற்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "வுய், வுய், மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவள் கேட்டது, உன் கணவர் சுடுகிற துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கேட்கிறார், அவருக்கு வேலை போயிருக்கிறது, உனக்குச் சம்மதமா, வீட்டில் எல்லாம் சரியா என்று. அவர் பொய் எழுதவில்லை. வேலை போனதா என்ற இடத்தில் ஆம் என்றுதான் போட்டிருந்தார். அதனால்தான் எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் சரி என்று சொன்னவள் நான்.

புரட்டாதி மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஒரு நீளமான பெட்டி கிடந்தது. இரண்டு வருடமாகக் கூடத்து ஜன்னலுக்குத் திரைக்கம்பி வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மனுசன் வாங்கிவிட்டார் என்று சந்தோசமாகத் திறந்தேன்.

"என்னப்பா இது?"

"துவக்கு."

"அது தெரியுது. எங்கட நாட்டிலையிருந்துதான் நானும் வந்தனான். இஞ்சை ஏன் கிடக்குது எண்டு கேக்கிறன்."

"நீர்தானே கையெழுத்து வைச்சனீர்."

அன்று மூன்றாம் மாடியிலிருந்து கீழ் வீடு வரைக்கும் என் சத்தம் கேட்டிருக்கும். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் சுவர்கள் மெல்லியவை. கீழ் வீட்டு ஹெயிட்டிக்காரி அடுத்த நாள் படியில் என்னைக் கண்டு ஒன்றும் கேட்காமல் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவருக்குப் பழைய வேலையிடத்துக் கூட்டாளி ஒருவர் இருந்தார். கியூபெக்காரர், மனைவி இல்லாதவர், வடக்கே ஒரு மணி நேரத்தில் காட்டோரம் வீடு. இருவரும் சென்ட் லோரன்டில் ஒரே பண்டகசாலையில் பதினெட்டு வருடம் பெட்டி தூக்கினார்கள். பண்டகசாலையை மூடியபோது இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. அந்த ஆள் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு முயல் சுடப் போனார். என் கணவர் சோபாவில் படுத்தார்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் துவக்கு எனக்குப் பிரச்சினை இல்லை. நான் காலை ஐந்தரைக்குப் பஸ்ஸுக்குப் போகும்போது அவர் சோபாவில் கிடப்பார். பின்னேரம் வரும்போதும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக் கிடப்பார். நான் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும். ஒருநாள், எழும்பி முகத்தையாவது கழுவுங்கோ என்று சொன்னேன். "எழும்பி என்னத்துக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். அது மாசி மாதம்.

கோடையில் கூட்டாளி வந்து இழுத்துக்கொண்டு போனபிறகுதான் எழும்பினார். அதற்கு நன்றி. ஆனால் அப்படிக் கிடந்த மனுசன் இருக்கிற வீட்டில், நான் ஒன்பது மணி நேரம் இல்லாத வீட்டில், ஒரு துவக்கு. பூட்டுப் போட்டிருக்கிறேன் என்கிறார். திறப்பு யாரிடம்? அவரிடம்.

இதை அவருக்கு நான் சொல்லவில்லை. அந்தத் தொலைபேசிப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் புருசன் சோபாவில் படுத்துக் கிடந்தார் என்று முகம் தெரியாத ஒருத்திக்குப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சண்டை பிடித்தேன். சண்டை பிடிப்பது எனக்குச் சுகம்.

அந்தச் சண்டையில்தான் அவர் வாயை விட்டார். ஐம்பது மீற்றரில் ஐந்து வெடி வைத்தால் ஐந்தும் ஒரு இரண்டு டொலர் காசுக்குள் விழும், அவ்வளவு திறமான துவக்கு, கூட்டாளி சொன்னான் என்றார்.

"அப்ப சுட்டுக் காட்டுங்கோ. நான் வந்து அளப்பன். விழாட்டி வித்துப்போட்டு வரோணும்."

"விழுந்தா?"

"விழுந்தா பேந்து வாய் திறக்க மாட்டன்."

அளப்பது என் தொழில். விமானத்துக்குப் போகும் சிறு துண்டுகளை அளந்து, சரி என்றால் பச்சைப் பெட்டியிலும் பிழை என்றால் சிவப்புப் பெட்டியிலும் போடுவேன். ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்பு. மேற்பார்வையாளன் நின்று கெஞ்சினாலும் சிவப்பு. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் கலிப்பர் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை காலை காரில் ஏறினேன். வாரத்தில் நான் நித்திரை கொள்ளும் ஒரே காலை அது.

சுடுமிடம் என்றால் ஏதோ என்று நினைத்தேன். சேறு, ஒரு தகரக் கூரை, கீழே பத்து மரமேசை, எதிரே மண்மேடு. மேசைகளில் மண்மூட்டை. ஊரில் இராணுவக் காவலரணில் கண்ட அதே மாதிரி மண்மூட்டையைக் கண்டதும் என் கால் தானாக நின்றது. பிறகு நடந்தேன். இங்கே அது துவக்கைத் தாங்க வைப்பதுதான். எல்லோருக்கும் பொறுப்பாக ஒரு வயதான கியூபெக்காரி கழுத்தில் விசிலோடு நின்றாள். விசில் ஊதினால் எல்லோரும் துவக்கை மேசையில் வைத்து, சன்னம் ஏறும் பக்கத்து வாய்க்குள் செம்மஞ்சள் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, பின்னால் இருக்கும் கோட்டுக்கு வந்துவிடவேண்டும். பிறகுதான் போய்க் கடதாசியைப் பார்க்கலாம். இரண்டாம் முறை ஊதிய பிறகுதான் துவக்கைத் தொடலாம். துவக்கு வைத்திருப்பவர்கள் இவ்வளவு ஒழுங்காக ஒருத்தியின் விசிலுக்குப் பணிந்து நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவருடைய துவக்கு மற்றவர்களுடையவற்றுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் போலிருந்தது. பக்கத்து மேசையில் மான் வேட்டைக்காரன் ஒருவன் வெடி வைக்கும்போது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இவருடையது சின்னச் சன்னம். தட், தட் என்று பலகை தட்டும் சத்தம். மகசினில் பத்துப் போடலாம். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு வெடி. வெற்றுக் கோதைத் தானே வெளியே எறிந்து அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். கோதுகள் என் சப்பாத்தில் வந்து விழுந்தன, சூடாக.

முதல் வெடிகள் எல்லாம் இடப்பக்கம் கீழே போயின. எங்களுக்கு முதலே அங்கு வந்திருந்த கூட்டாளி தூரம் பார்க்கும் பெரிய கண்ணாடிக் குழாயால் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் துவக்கின் மேலிருந்த குறிபார்க்கும் குழாயின் திருகாணியைக் கிளிக் கிளிக்கென்று திருகினார். நடுவுக்கு வந்தபிறகு ஐந்து வெடி. விசில். போய் அளந்தேன். ஆறு சென்றிமீற்றருக்கு மேல்.

"காசு எண்டீங்கள். இது தோசைக்கல்லு."

"துவக்குப் புதுசு. விசை இறுக்கமாக் கிடக்கு."

"ஓம், துவக்கிலைதான் பிழை."

அடுத்த ஐந்தில் நடுவில் ஒரு கோது வெளியே வராமல் சன்னம் ஏறும் வாயில் நிமிர்ந்து நின்று சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டுச் சுட்டார். நாலரை. அவருடைய தோள் கொஞ்சம் கீழே இறங்கியது. எனக்கு அந்தத் தோளைத் தெரியும். சோபாவில் கிடந்த தோள்.

கூட்டாளி தன் பையிலிருந்து வேறு பெட்டிச் சன்னம் எடுத்துக் கொடுத்தார். மலிவுச் சன்னம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, இது போட்டிக்குச் சுடுகிறவர்கள் பாவிப்பது என்றார். இவர் காதை மூடிக்கொண்டு சுடத் தயாராகும்போது, கூட்டாளி என் காதுமூடியைத் தூக்கி, கடதாசியில் கீறிக் காட்டி, நான் அளக்கும் முறை பிழை என்று சொல்லித் தந்தார். இங்கே ஓட்டையின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்துவிட்டு ஒரு சன்னத்தின் அகலத்தைக் கழிப்பார்கள். ஓட்டையின் நடுவிலிருந்து நடுவுக்கு, அதுதான் கணக்கு. பிறகு நாய்க்குச் சாப்பாடு வைக்கவேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். சுட்டு முடிய வாருங்கள், கோப்பி போட்டு வைக்கிறேன் என்றார்.

அந்தக் கடைசி ஐந்தை அவர் சுட்டவிதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, ஒன்று. திரும்ப மூச்சு. ஒன்று. அவசரமே இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு வேலையை அவர் முழுதாகச் செய்ததைக் கண்டேன்.

விசில். நடந்து போனோம். நாலு ஓட்டை ஒட்டிக்கொண்டு, ஒன்று கொஞ்சம் தள்ளி. அவர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேலே வைத்தார். எப்படி நகர்த்தியும் இரண்டு பக்கமும் ஓட்டையின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

"போச்சு," என்றார்.

கலிப்பரை வைத்தேன். முப்பத்துமூன்று புள்ளி மூன்று மில்லிமீற்றர். சன்னம் ஐந்து புள்ளி ஏழு, கழித்தால் இருபத்தேழு புள்ளி ஆறு. காசின் அகலம் இருபத்தெட்டு.

அப்படிக் கழிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கூட்டாளி அங்கே இல்லை. நான் முப்பத்துமூன்று என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை, கலிப்பரில் நின்ற எண் அதுதான். துவக்கு போய்விடும். நான் பஸ்ஸில் போகும்போது பூட்டையும் திறப்பையும் நினைக்காமல் போகலாம்.

அவர் அதற்குள் கடதாசியைக் கழற்றி மடிக்கத் தொடங்கிவிட்டார். வாதாடவில்லை. இன்னொரு முறை சுடுகிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முப்பத்துமூன்று என்றே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"மடிக்காதேங்கோ. சன்னத்தின்ரை அகலத்தைக் கழிக்கோணும். உங்கட ஆள்தான் சொன்னவர். இருபத்தேழு புள்ளி ஆறு. உள்ளுக்கை."

அவர் கடதாசியை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துவக்கைப் பூட்டி உறைக்குள் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்து, இருவரும் ஏறி இருந்தோம்.

"அப்ப வீட்டை கொண்டுபோகலாம்தானே? நீர் வாய் திறக்க மாட்டன் எண்டனீர்."

"திறக்கப் போறன். துவக்கிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பயம் உங்களிலைதான்."

"என்னிலையோ? உம்மைச் சுட்டுப்போடுவன் எண்டோ?"

"என்னை இல்லை."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. காரின் திறப்பைப் போட்டவர் திருப்பாமல் இருந்தார்.

"மாசியிலை எழும்பி என்னத்துக்கு எண்டு கேட்டீங்கள்."

"அது சும்மா சொன்னது."

"நானும் அந்தப் போனிலை சும்மாதான் ஓம் எண்டனான்."

மண்மேட்டுப் பக்கம் திரும்பவும் வெடிச்சத்தம் தொடங்கியது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. திரைக்கம்பி, திரைக்கம்பி எண்டு கத்தினீர்."

"சொல்லத் தெரியேல்லை. கத்தத்தான் தெரியும்."

காரை எடுத்தார். கூட்டாளியின் வீட்டில் கோப்பி குடித்தோம், கசப்பு. எழும்பும்போது என் கணவர் அவரிடம், வீட்டில் இடம் காணாது, துவக்கைக் கொஞ்ச நாளைக்கு உன் அலுமாரியில் பூட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். அந்த ஆள் என்னை ஒருதரம் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. அனுமதிப்பத்திரத்தை மட்டும் எடுத்துக் காட்டினார், என்னிடமும் இருக்கிறது, வைக்கலாம் என்று. உறையை வாங்கிக்கொண்டு, எவ்வளவு வந்தது என்று கேட்டார்.

"இருபத்தேழு புள்ளி ஆறு," என்றார் என் கணவர் பிரெஞ்சில், தெளிவாக.

வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்தில் வாகன நெரிசல். நான் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

"வாற சனியும் போறன்," என்றார். "நீரும் வரோணும். அளக்க ஆள் வேணும்."

"எனக்குச் சனிக்கிழமை மட்டும்தானப்பா நித்திரை."

"காருக்குள்ளை நித்திரை கொள்ளும். எழுப்பிவிடுறன்."

சரி என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கலிப்பரைத் துடைத்து எண்ணெய் பூசி, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைக்காமல் காரின் முன்னிருக்கைப் பெட்டியில் வைத்தேன்.