ஈஸ்டருக்கு வைத்த விரால்

டிவியில் ஒரு வெள்ளைக்காரன் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆற்று நடுவில் நிற்பான். ட்ரவுட், சால்மன் என்று அவன் பிடிக்கிற மீனெல்லாம் கை நீளம் இருக்கும். பிடித்ததும் ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில் நானும் என் மனைவியும் அந்த நிகழ்ச்சியை விடாமல் பார்த்தோம்.

“கிறுக்குப் பய. முத்தம் குடுத்து விடுறதுக்கா இம்புட்டுப் பாடு? வீட்ல வெஞ்சனத்துக்கு என்ன பண்ணுவான்?” என்பாள்.

எனக்கு வாய்த்தது குடகனாறு. அதை ஆறு என்று சொல்ல வருஷத்தில் சில மாதங்கள்தான் தைரியம் வரும். தை, மாசியில் ஓட்டம் நின்று பாறைகளுக்கு நடுவே மடு மடுவாகத் தண்ணீர் தேங்கும். விரால் இருப்பது அங்கேதான். வாரம் முழுக்க அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பாவிட்டால் தலை வெடித்துவிடும். “பேசாம மீனுக்கே தாலி கட்டியிருக்கலாம்ல” என்று வாசலில் நின்று வழியனுப்புவாள். திரும்பி வந்தால் நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் பை அவள் கைக்குப் போயிருக்கும்.

விரால் தலை அவளுக்கு. கல்யாணமான மறுவாரமே அது முடிவாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, எனவே போட்டிக்கு வேறு ஆளும் இல்லை. ஒருநாள் எனக்குத்தான் கொடேன் என்று கேட்டால், “வேணாங்க, உங்களுக்கு முள்ளுக் குத்தும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி உறிஞ்சுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுத்துண்டைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவள் தவசுகாலத்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், மீனைத் தொடமாட்டாள். எங்கள் தெருவில் எல்லோரும் சாம்பல் புதனிலிருந்து கறியை விடுவார்கள், கறியை விட்டவர்கள் மீனுக்கு வருவார்கள். இவள் மட்டும் தலைகீழ். “கறிய விடுறதெல்லாம் ஒரு ஒறுத்தலா? பிடிச்சத விட்டாத்தான் சாமிக்குத் தெரியும்” என்பாள். மடுக்களில் நீர் வற்றி விரால் சுலபமாக மாட்டுகிற மாதங்கள் அவை. கோபம் கோபமாக வரும் எனக்கு. பிடித்ததைத் தனியாகத் தின்ன மனசு வராமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மார்கழியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்தோம். கடைசியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஆசைப்பட்டதைக் கொடுங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“விரால் கொழம்பு. மாங்கா போட்டு” என்றாள். நான் எழுந்துவிட்டேன். அதற்குள், “இப்ப இல்லைங்க, ஈஸ்டருக்கு” என்றாள்.

முந்தின வாரம்தான் சாம்பல் புதன் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். நோயாளிகளுக்கு ஒறுத்தல் கிடையாதம்மா என்று அவர் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். “நோயாளிக்குத்தான சாமி கூடுதலா வேண்டியிருக்கு” என்றாள். அவர் ஜெபம் செய்துவிட்டுக் காபி குடித்துப் போய்விட்டார்.

ஈஸ்டர் வரைக்கும் மடுவில் தண்ணீர் நிற்காது. அந்த ஞாயிறே போனேன். சிறு தவளையை முள்ளில் மாட்டிப் பாறை நிழலில் போட்டு உட்கார்ந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் தூண்டில் நரம்பு விறைத்தது. முழங்கை நீள விரால். அன்றைக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி நான் எந்த மீனுக்கும் சந்தோஷப்பட்டதில்லை. விரால் சுலபத்தில் சாகாது. ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்டு, குதித்து விடாமல் மேலே கம்பிவலை போட்டுக் கல் வைத்தேன்.

அதன்பிறகு அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். விரால் மேலே வந்து மூச்சு வாங்கும்போது டொப்பென்று சத்தம் வரும். “வந்துட்டாரு தொரை” என்பாள். நான் அதற்குச் சின்னக் கெண்டைகள் பிடித்துவந்து போடுவேன். “எனக்கு நொய்க்கஞ்சி, இதுக்குக் கெண்ட மீனா? குடுத்து வச்சது” என்று சிரிப்பாள். மீன் தடித்தது. இவள் கை குச்சியாகிக்கொண்டே வந்தது. இந்த மீனைத் தின்றுவிட்டால் எழுந்துவிடுவாள் என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவன்தான், ஆனாலும் நம்பினேன்.

ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்க, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆற்றுக்குப் போனேன். அந்த மீனைக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று நினைப்பு. மடு காய்ந்து சேறு வெடித்துக் கிடந்தது. ஆடு ஒன்று அதில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. பாறைமேல் உட்கார்ந்து சாமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கேட்டது ஒரு ஒறுத்தல், அதையும் இவள்தான் கொடுத்தாள். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

கடைசி வாரத்தில் அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த அவள் தங்கை துக்கம் முடிந்தும் ஊருக்குப் போகாமல் இருந்தது. ஈஸ்டர் அன்று பூசைக்குப் போகப் பிடிக்காமல் நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மதியம் மாங்காய்ப் புளிப்போடு குழம்பு வாசம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தொட்டிமேல் கம்பிவலை இல்லை. யாரைக் கேட்டு அதில் கை வைத்தாய் என்று கத்தினேன்.

“அக்காதான் சொல்லுச்சு மச்சான்” என்று அந்தப் பிள்ளை அழுதது. “‘நான் இருந்தா எனக்கு, இல்லேன்னா அந்த மனுசனுக்கு. ஈஸ்டர் அன்னைக்கு ஆக்கிப் போட்டுரு. விட்டா அந்த வெள்ளக்காரன் கணக்கா ஆத்துல கொண்டுபோய் விட்டுட்டுப் பட்டினி கெடக்கும்’னு சொல்லுச்சு.”

உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, தட்டின் ஓரத்தில் தலையை வைத்தது.

“தல உங்களுக்குத்தானாம் மச்சான்.”

அழுதுகொண்டேதான் தின்றேன். அவ்வளவு ருசி. அவள் செய்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை உறிஞ்சினேன். முள் எதுவும் குத்தவில்லை.