அப்புக்காத்தின் துவக்கும் மாதாவின் மெழுகும்

மாதாவின் மெழுகுதிரியைத் திருடித் துவக்குக்குப் போட்ட ஆள் நான். திருடி என்பது கொஞ்சம் கூடிய சொல். நாங்கள் பிழைக்க வந்த இத்தாலிய நகரின் சீசாப் பகுதியில், எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில், மெழுகுதிரித் தட்டைச் சுரண்டித் துப்புரவாக்குவது என் பொறுப்பு. சுரண்டியதைக் குப்பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

அதே நகரின் கால்சாவில் நான் வேலை பார்க்கும் வீட்டு ஐயா, கோட்டில் வழக்குப் பேசி ஓய்வுபெற்ற அப்புக்காத்து. கரிமருந்து அடைத்துச் சுடும் பழையபாணி ரிவோல்வர் ஒன்று வைத்திருக்கிறார். அதன் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, மேலே ஒரு தக்கை வைத்து, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்தவேண்டும். துவக்குச் சுடும் கிளப்பின் போட்டியில் ஆண்டுதோறும் வெல்வது அவருடைய மனைவியின் தம்பி. வென்ற கோப்பையை ஞாயிறு விருந்தில் மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். இந்த முறை கண் டாக்டர் ஐயாவிடம் சொல்லிவிட்டார், இனித் துவக்கு உரிமத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று. மைத்துனரை வெல்ல அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு போட்டி. கிட்டத்துப் பார்வை மங்கியதால் தக்கை செய்யும் வேலையை என்னிடம் தந்தார்.

எதையும் வாசித்துவிட்டே செய்யும் வியாதி எனக்கு. தக்கைக்கென்று, கதிரைக் காலுக்கு ஒட்டும் செயற்கை ஃபெல்ட் துணியைக் கொளுத்திப் பார்த்தேன். உருகி வழிந்தது, குழலில் ஒட்டும், கூடாது. பிரான்காச்சோவில் ஒரு செருப்புப் பட்டறையில் வாங்கிய தடித்த கம்பளி ஃபெல்ட், தலைமயிர் கருகும் மணத்தோடு எரிந்தது. அசல். வட்டம் வட்டமாக வெட்டினேன். சுடச்சுடக் கரி இறுகாமலிருக்க, தக்கையை ஆட்டுக்கொழுப்பிலும் தேன்மெழுகிலும் ஊறவைக்க வேண்டுமாம். கோயிலில் எரிவது தேன்மெழுகு என்று மன்னாரில் மறைக்கல்வி வகுப்பில் அடிவாங்கிப் படித்தவனுக்கு அதற்கா பஞ்சம்?

"தேன்மெழுகுதானே, தொத்தோரே?" என்று ஐயா கேட்டார். டாக்டர் என்று அர்த்தம். புத்தகம் வாசிக்கும் வேலைக்காரனுக்கு அவரே தந்த பட்டம்.

"மாதாவே சாட்சி," என்றேன்.

போட்டியில் முதற்சுற்றுக் குண்டுகள் அத்தனையும் கறுப்பு வட்டத்துக்குள் போயின. ஐயா திரும்பி எனக்குக் கண்ணடித்தார், டாக்டர் கைவிட்ட அதே கண்ணால். இரண்டாம் சுற்றில் உருளை முனகியது. மூன்றாம் சுற்றில் அசையவே மறுத்தது. அதோடு இழுபட்டுக்கொண்டு நிற்கையில் நேரம் முடிந்துவிட்டது. குழலுக்குள் விட்ட துணி, ரோட்டுக்குத் தார் ஊற்றியவன் கைதுடைத்ததுபோல வெளியே வந்தது.

"கண்ணுக்கு முந்தித் துவக்குப் போயிட்டுதே, அத்தான்!" என்றார் மைத்துனர், அவர்களுடைய பாஷையில்.

ஐயா மிஞ்சிய தக்கையொன்றை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"இது பாராஃபின். கரிமருந்தோடை எரிஞ்சால் தார்தான். எங்கை எடுத்தனீ?"

சொன்னேன். தூஷணம் சொல்ல வாயைத் திறந்தவர், சிலுவை போட்டுக்கொண்டு மூடினார். துவக்கைப் பெட்டியில் படுக்கவைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொதித்தேன். "கோயிலிலையே கலப்படமப்பா! அந்த மெழுகுதிரியிலை ஒரு துளி தேன்மெழுகு இல்லையாம்!"

அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு உங்களுக்குப் புத்தி வரவேணுமெண்டு அந்த மெழுகுதிரியைத்தான் மாதாவுக்குக் கொளுத்தி வாறன். இப்பத்தானே விளங்குது, மாதா ஏன் கேக்கேல்லையெண்டு."