ஒரே சிவப்பு, இரண்டு கோடு

போன வருஷம் பங்குனி மாதம். செவிலிமேட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் எங்கள் பட்டறைக்கு ஒரு கேமரா வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். சின்ன செயற்கைக்கோளில் ஏறி, வானத்திலிருந்து வயலையும் ஏரியையும் பார்க்கப் போகிறதாம். நாம் பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அது நூறு பச்சையாகப் பிரிக்குமாம். நோய் கண்ட பயிரை, அது வாடும் முன்பே காட்டிக்கொடுக்குமாம்.

அதைச் செய்தவர் ஒரு இன்ஜினியர் பெண். சோதித்துப் பார்க்க ஒரே நிறத்தில் இரண்டு துணி கேட்டார். நான் சாயமிட்ட அரக்குச் சிவப்பு நூலில் நெய்த இரண்டு துண்டுகளைக் கொடுத்தேன். "ஒரே சாயம், ஒரே கை. கண்ண மூடிக்கினு நம்பும்மா" என்றேன். கர்வம்தான். இருபது வருஷமாக நூலை வெயிலில் பிடித்து, கண்ணாலேயே நிறம் சேர்க்கிறவள் நான்.

மொட்டை மாடியில் கேமரா. கீழே வாசலில் துணிகள். கேமரா பார்க்கும் நிறத்தைக் கம்ப்யூட்டர் கோடாகப் போடும். ஒரே நிறமென்றால் இரண்டுக்கும் ஒரே கோடு விழவேண்டும். இரண்டு கோடு விழுந்தது. மறுபடியும் இரண்டு.

கூட வந்த மேலதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "ஒரே கலரை ரெண்டுன்னு சொல்ற கேமராவ மேல அனுப்பி என்ன பண்றது? விட்ருங்க மேடம், வேற கேமரா ஏத்திக்கலாம்."

அந்தப் பெண் லென்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. ஒரு துண்டின் நூலுக்குச் சாயம் போட்ட அன்று மோட்டார் எரிந்துபோய் டேங்கர் தண்ணீர் வாங்கியிருந்தேன். மற்றது எங்கள் போர்வெல் தண்ணீர். தண்ணீர் மாறினால் சாயம் ஏறுவதும் மாறும். கண்ணுக்கு ஒத்துப்போயிற்றே என்று மறந்தேவிட்டேன்.

வீட்டுக்காரரைத் தனியே இழுத்துச் சொன்னேன். "கம்முனு இரு. ரெண்டு தண்ணின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்மகிட்ட பட்டு குடுப்பான்? ராக்கெட்டு உடறவன் கவலைய அவன் பாத்துக்குவான்" என்றார் அவர்.

நான் கம்மென்று இருக்கவில்லை. "சார், கேமரா சரி. தப்பு என்னுது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேலதிகாரி சிரித்தார். "அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டு சொல்றீங்கம்மா."

பாவமா! எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "உக்காருங்க சார். எழுந்து போவக் கூடாது." போன் போட்டு அதே டேங்கரை வரவழைத்தேன். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. சாயப்பொடியை அவர் கையாலேயே எடைபோட்டுப் பிரிக்கச் சொன்னேன். கொதியில் நூலைத் திருப்பித் திருப்பி, அலசி, காயவைத்தேன். தெருவே கேட்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.

"யக்கா, எம் பொண்ணு கல்யாணப் பொடவைக்கு இன்னா தண்ணி?" என்றார் ஒரு நெசவாளர். ஒரே சிரிப்பு.

"டேங்கர் தண்ணிதான். கொண்டாந்து இந்தக் கேமரா கீழயே போடு, பாத்துடலாம்!" என்றேன்.

காய்ந்த நூல்கள் இரண்டும் என் கண்ணுக்கு அச்சு அசல் ஒரே சிவப்பு. கேமராவுக்குக் கீழே வைத்ததும் திரையில், துணி காட்டிய அதே இரண்டு கோடு. மேலதிகாரி சிரிப்பை நிறுத்தினார். அந்தப் பெண் என் சாயக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் சிவந்தது.

அந்த வாரமே இரண்டு பேர் தங்கள் பட்டு நூலை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். போகட்டும். கேமரா மேலே போய்விட்டது. என் கண்ணை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் இன்னொருத்தி செய்த கண்ணைக் குருடு என்று சொல்லவிட்டுத்தான் என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்தப் பெயர் எனக்கு வேண்டவே வேண்டாம்.