ஆட்டோ ஸ்டாண்டில் சுதந்திரச் சந்தை

போன மாதம் ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனேன். காலியாக நின்ற ஒரு வண்டியில் காலை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... அதுல ஏறாத. லைன் வண்டி முன்னாடி கீது பாரு."

சொன்னவர் ஏகாம்பரம், ஸ்டாண்டின் தலைவர். நான் ஏறப்போன வண்டியை ஓட்டுகிறவர் மல்லிகா. புது வண்டி, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. முகத்தில் மட்டும் அந்தப் புதுசு இல்லை.

ஸ்டாண்டில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். முதல் வண்டி நிறைந்து கிளம்பினால்தான் அடுத்த வண்டி ஆள் ஏற்றலாம். அதுதான் லைன். அதில் நிற்க வேண்டுமானால், ஏற்கெனவே நிற்பவர்கள் சம்மதிக்க வேண்டும். மல்லிகாவுக்கு யாரும் சம்மதிக்கவில்லை.

"திருமழிசையில பேக்கிங் கம்பெனில வேல சார். வுட்டுட்டு வந்துட்டேன். திரும்பப் போனா எடுத்துக்க மாட்டாங்க. லைசென்ஸ் கீது, பர்மிட் கீது, எல்லாம் கீது... இவங்க நிக்க வுட மாட்டேங்கறாங்க. இது ஓடலன்னா ஊட்ல அடுப்பு எரியாது" என்றார். அழவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். அரசாங்கம் எந்தத் தொழிலில் கை வைத்தாலும் எனக்குக் கை அரிக்கும். யார் என்ன தொழில் செய்யலாம், என்ன விலை வைக்கலாம் என்று சொல்ல ஓர் அதிகாரி எதற்கு? வாங்குகிறவன் சொல்லட்டுமே! நான் குடியிருக்கும் கோவில்பதாகைக்கு ஷேர் ஆட்டோ விடச் சொல்லி யாராவது உத்தரவு போட்டார்களா? கூட்டம் நின்றது, வண்டி வந்தது. அவ்வளவுதான். இதையே நான் வெவ்வேறு தலைப்புகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் ஒரு புகார்கூட உண்டு.

இங்கேதான் எனக்கு முதல் அடி. மல்லிகா விஷயத்தில் அரசாங்கம் எந்தத் தொல்லையும் செய்யவில்லை. கேட்டார், பர்மிட் கொடுத்துவிட்டது. அரசாங்கம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் சுதந்திரச் சந்தை இருக்கும் என்றல்லவா நான் எழுதிவந்தேன்? அங்கே ஏகாம்பரம் இருந்தார்.

அவரிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. "ஆளாளுக்குப் பூந்து சவாரி ஏத்துனா இங்க தெனம் அடிதடிதான் சார். எவனுக்கு ஒடம்புல தெம்பு கீதோ அவன்தான் பொழைப்பான். லைன் இருக்கறதால வயசானவனும் ரெண்டு காசு பாக்கறான்" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அவர் அதற்குள் அடுத்த வண்டியை முன்னால் வரச் சொல்லப் போய்விட்டார்.

மல்லிகா சண்டை போடவில்லை. ஸ்டாண்டைத் தாண்டி, கரும்பு ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். லைன் வண்டிகள் மெயின் ரோட்டோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மல்லிகா எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தார். மழை பெய்தால் வாசல்வரை. கொஞ்ச நாளில், வேலை முடிந்து வரும் பெண்கள் ஸ்டாண்டைக் கண்டுகொள்ளாமல் நேராக ஜூஸ் கடைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். நானும்தான்.

ஸ்டாண்ட் சும்மா இருக்குமா? ஒரு சாயங்காலம், நான் மல்லிகாவின் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே முன்னால் ஓர் ஆட்டோ, பின்னால் ஓர் ஆட்டோ வந்து அடைத்துக்கொண்டு நின்றன. ஏகாம்பரம் உள்ளே குனிந்து பார்த்தார்.

"எல்லாரும் எறங்குங்க. இந்த வண்டி போவாது."

மல்லிகா ஹேண்டில்பாரை விடவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், மடியில் இருந்த காய்கறிப் பையைக்கூட அசைக்கவில்லை.

"இறங்க முடியாது. எங்க துட்டு, எங்களுக்குப் பிடிச்ச வண்டியில போறோம். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

நான் பத்தி பத்தியாக எழுதியதை அந்த அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கை தட்டியிருப்பேன்... முன்னாலும் பின்னாலும் ஆட்டோ நிற்காமல் இருந்திருந்தால். வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் சத்தம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கடைசியில் ஏகாம்பரம் கையை ஆட்டினார், முன் வண்டி நகர்ந்தது. அவர் முட்டாள் இல்லை. வெளியே நின்று சவாரியை இழுக்கிறவரை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் லாபம் என்று புரிந்துவிட்டது. அடுத்த வாரமே மல்லிகாவுக்கு லைனில் இடம் கிடைத்தது. யாரோ லட்டுகூட வாங்கிக் கொடுத்தார்களாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பயணி கேட்டார், சந்தை திறந்தது. பத்திக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை மல்லிகாவின் வண்டியில் வந்தபோது மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டார். "உள்ள வந்தா லைன் போயிடும் சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். நினைக்கவில்லை. பிழைப்பு அப்படி. இறங்கும்போது எங்களைத் தாண்டி ஒரு பேட்டரி ஆட்டோ சத்தமே இல்லாமல் தெருவுக்குள் திரும்பியது. நிறைய ஆட்கள். ஸ்டாண்டில் சேராத வண்டியாம். ஓட்டுகிறவர் வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவராம்.

மல்லிகா அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க பேப்பர்ல எழுதறவரு தானே... கவர்மென்ட்டுக்கு ஒண்ணு எழுதுங்களேன்."

"என்னம்மா எழுதணும்?"

"பேட்டரி வண்டிக்கு பர்மிட்டே வேணாமாம் சார். இது இன்னா நாயம்? மொதல்ல அதுக்கு ஒரு பர்மிட் வெக்கச் சொல்லுங்க. வெச்சிட்டு, யாருக்கும் குடுக்கக் கூடாது."

"நீங்களும் இப்படித்தானேம்மா வந்தீங்க?"

"ஆமா சார். எவ்ளோ கஷ்டப்பட்டு வந்தேன்" என்றார். துளிக்கூட வெட்கமில்லாமல், அத்தனை உண்மையாக. எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவருக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

எழுதிவிட்டேன், மல்லிகா. நீங்கள் கேட்ட மாதிரி இல்லை.